வாசலில் அடித்த ஆணி

ஜூன் 10

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், காய்ச்சல் சளி ஒன்றும் இல்லை. அந்த மலைக்காட்டு முகாமில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, வெயிலில் அலைந்தால் வருமே அந்தத் தலைவலி இப்போதும் வருகிறதா என்று எழுதுங்கள்.

பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, பூமியின் ஈர்ப்பு. பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுக்கிறது என்றுதான் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் போன வருஷம் நீங்கள் பெட்டியோடு வந்து நம் ஊரில் தெருத்தெருவாக அளந்தபோது, அது இடத்துக்கு இடம் மாறும் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா கூட, "அப்ப என்னை வெயிட்டு கம்மியா காட்டுற இடத்துல இறக்கி விடுடா" என்றாள். அதனால் உங்களைக் கேட்கிறேன். இழுப்பு எதனால் மாறுகிறது? அதை அளந்து என்ன பயன்? நிலத்துக்கு அடியில் காலியிடம் இருந்தால் உங்கள் பெட்டிக்குத் தெரியுமா? தெரியும் என்றால், எவ்வளவு நாள் முன்னால் தெரியும்? மேலே வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது சத்தம் கேட்குமா?

கடைசிக் கேள்வி கட்டுரைக்குத் தேவையில்லை. சும்மா கேட்டேன்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கீழே இருப்பது பள்ளித் தெருவில் உள்ள தையற்கடை முகவரி. உங்களுக்கு எழுதக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு, அது உங்களுக்கே தெரியும். அவர் பக்கத்து அறையில் அம்மாவின் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். இருமல் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

உங்கள்
ஊசி


ஜூன் 28

ஊசிக் கண்ணுக்கு,

மாமா உயிரோடு, தலைவலி இல்லாமல், ஆனால் கரிந்த சோற்றோடு இருக்கிறேன். இங்கே சமைப்பவர் முன்பு லாரி ஓட்டியவர். இன்னும் அந்த வேகத்திலேயே சமைக்கிறார். நீ சாப்பிடுகிறாயா? நீ ஒழுங்காகச் சாப்பிட்டால் உனக்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தை எனக்குக் கொடு.

கட்டுரைக்கு எழுதிக்கொள். உன் காலடியில் இருப்பது பாறை என்றால் அது உன்னைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். மணலோ தண்ணீரோ என்றால் கொஞ்சம் குறைவு. வெறும் பொந்து என்றால் இன்னும் குறைவு. அந்த வித்தியாசம் இரண்டு கோடியில் ஒரு பங்கு இருந்தால் பெரிய விஷயம். என் பெட்டிக்குள் ஒரு சின்ன வில், அதன் நுனியில் ஒரு சின்ன எடை. இழுப்பு கூடினால் வில் ஒரு மயிரிழை நீளும், குறைந்தால் சுருங்கும். அவ்வளவுதான் வித்தை. பக்கத்தில் ஒரு மாடு நடந்தாலே ஆடும். அதனால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன், ஊர்க்காரர்கள் நான் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று கூடவே தேடுவார்கள்.

பயனா? இங்கே இந்த வறண்ட மலையடிவாரத்தில் தண்ணீர் தேடுகிறோம். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்தால், மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று குழி தோண்டாமலே சொல்லலாம். எண்ணெய் தேடுகிறவர்களும், எரிமலையைக் காவல் காக்கிறவர்களும் இதே பெட்டியைத்தான் தூக்குகிறார்கள். வானத்தில்கூட இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும். கனமான நிலத்தின் மேல் வரும்போது முன்னால் போவது முதலில் இழுபட்டு எட்டிப் போகும். அந்த இடைவெளியை அளந்தால் கீழே பனி உருகுகிறதா, நிலத்தடி நீர் வற்றுகிறதா என்று தெரியும்.

பொந்து இருந்தால் பெட்டிக்குத் தெரியும். உப்பு எடுக்கிற உங்கள் ஊரை வருஷம் ஒரு முறை அளக்கச் சொல்லி கம்பெனி கேட்டது அதற்காகத்தானே.

நீ கட்டுரைக்குத் தேவையில்லை என்று எழுதிய கேள்வியைத்தான் மாமா இரண்டு தடவை படித்தேன். என்ன சத்தம்?

மாமா


ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு உடம்பு சரியாக இருப்பது தெரிந்து நிம்மதி. எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கட்டுரை என்று எதுவும் இல்லை, மாமா. பொய் சொன்னேன்.

சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிறது. கட்டிலுக்கும் கீழே, தரைக்கும் கீழே. தூரத்தில் யாரோ மூட்டையை இறக்கிவைப்பது மாதிரி ஒரு தடவை கேட்கும். பிறகு வெகு நேரம் ஒன்றும் இருக்காது. அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டே படுத்திருப்பேன். அந்தக் காத்திருப்புதான் சத்தத்தை விட மோசம். அப்பாவுக்கு மாதத்தில் பாதி இரவு ஷிப்ட். அந்த நாட்களில் வீட்டில் நான் மட்டும்தான். பகலில் கேட்பதில்லை. தெருவில் வண்டிகள் ஓடுவதாலா, எனக்குப் பயம் குறைவதாலா என்று தெரியவில்லை.

சமையலறைக் கதவை மே மாதத்திலிருந்து சாத்த முடிவதில்லை. அப்பா இழைப்புளியால் சீவினார். இப்போது மறுபடி சாத்த முடிவதில்லை. தரையில் தம்ளரைப் படுக்கவைத்தால் வாசல் பக்கம் உருண்டு போகிறது. முன் சுவரில் ஒரு விரிசல், என் தோள் உயரத்தில்.

அப்பாவிடம் சொன்னேன். "பழைய வீடு, முனகத்தான் செய்யும். நான் தண்ணி விடுற கிணறெல்லாம் எங்க இருக்கு, நம்ம தெரு எங்க இருக்கு? நீ பரீட்சைக்குப் படி" என்றார். அவர் கம்பெனியில் நல்ல தண்ணீரைக் கீழே அனுப்பி, உப்பு கரைந்த தண்ணீரை மேலே இழுக்கிற பம்பைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் தண்ணீர் நாம் சொன்ன இடத்தில் மட்டும்தான் உப்பைக் கரைக்கும் என்று எப்படித் தெரியும்?

தையல்காரம்மா உங்கள் கடிதத்தைத் துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தார். "எவன்டி அவன்?" என்றார். "மாமா" என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். அம்மாவின் தம்பி என்று விளக்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கடைசியாக ரவிக்கை தைத்தது அவர்தானாம்.

மாமா, நீங்கள் ஒரு தடவை வந்து அளக்க முடியுமா? அப்பா இல்லாத நேரம் சொல்கிறேன்.

ஊசி


ஜூலை 27

ஊசிக்கு,

காய்ச்சல் இரண்டு நாள் வந்து போயிற்று, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். இங்கே தபால் லாரி பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான். அதனால்தான் தாமதம், மறந்ததால் இல்லை.

நீ பொய் சொன்னதற்குக் கோபம் இல்லை. என்னால் இப்போது வர முடியாது. மழைக்கு முன் இந்த அடிவாரம் முழுவதையும் முடிக்க வேண்டும், பெட்டி ஒன்றுதான், அதைத் தெரிந்தவனும் ஒருவன்தான். ஆனால் பயப்படாதே. ஆகஸ்டில் கம்பெனி வேறு ஆட்களை அனுப்பி நம் ஊரை மறுபடி அளக்கப்போகிறது. போன தடவை எடுத்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். எந்தத் தெருவில் குறைந்திருந்தாலும் பளிச்சென்று தெரியும்.

நம் வாசற்படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் நான் அடித்த பித்தளை ஆணி ஞாபகம் இருக்கிறதா? அவர்களும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். பெட்டிக்குள் இருக்கும் வில் நேரம் போகப்போகத் தானாகத் தளரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தொடங்கிய இடத்துக்கே வந்து பெட்டியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஊரில் எடுக்கும் எல்லா எண்ணும் அந்த ஆணியை விட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு என்றுதான் எழுதப்படும். உன் வீட்டு வாசல்தான் இந்த ஊருக்கே பூஜ்யம். பெருமையாக இரு.

விதிப்படி அந்த ஆணியை ஊருக்கு வெளியே, உறுதியான பாறையில் அடித்திருக்க வேண்டும். பாறையில் யார் டீ போட்டுக் கொடுப்பார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாக, "வந்துட்டான்யா ஆணி புடுங்க" என்பாள். அவள் மூச்சு நின்ற அன்றைக்கு மட்டும் நான் ரயில் நிலையத்தில் அளந்துகொண்டிருந்தேன்.

சரி, அது வேண்டாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவை. இரவில் பயமாக இருந்தால் உள்ளறையில் படு, வாசல் பக்கம் வேண்டாம். அத்தானின் இருமலுக்கு மருந்து வாங்கினாரா?

மாமா


ஆகஸ்ட் 25

அன்புள்ள மாமாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டதா? அங்கே மருந்து கிடைக்கிறதா? அப்பா இருமல் மருந்து வாங்கவில்லை. இருமல் பற்றி யார் கேட்டார்கள் என்று நான் சொல்ல முடியாதே.

நல்ல செய்தி. இரண்டு பேர் வந்தார்கள். நம் வாசலில் பெட்டியை வைத்து, குந்தியிருந்து, எழுதிக்கொண்டு போனார்கள். ஊரெல்லாம் சுற்றினார்கள். திரும்பத் திரும்ப ஆணிக்கு வந்தார்கள். அப்பா அந்த நான்கு நாளும் வாசல் பக்கமே போகவில்லை, பின்பக்கமாகவே வேலைக்குப் போனார்.

நேற்று கம்பெனி வாயிலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊரில் எல்லாத் தெருக்களிலும் ஈர்ப்பு சற்றே கூடியிருக்கிறதாம். அடியில் பொந்து உண்டானால் அது குறையும்; எங்கும் குறையவில்லை; எனவே யாரும் கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதைச் சத்தமாகப் படித்தார். "பார்த்தியா, ஊரே கெட்டிப்பட்டுக்கிட்டு வருது!" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட மாடியை இப்போது கட்டப்போகிறாராம். கொத்தனார் வந்து அளவெடுத்துப் போனார்.

அப்பா என்னைப் பார்த்து, "இப்ப நிம்மதியா தூங்கு" என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நம் தெருவில் மட்டும் மற்ற தெருக்கள் அளவுக்குக் கூடவில்லையாம். இருந்தாலும் கூடத்தானே செய்திருக்கிறது.

ஆனால் விரிசல் என் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. மேல் கோட்டையும், கீழ்க் கோட்டையும். சத்தம் இப்போது உள்ளறையிலும் கேட்கிறது. நல்ல செய்திதான், இல்லையா மாமா? நீங்களும் அப்படி ஒரு வரி எழுதினால் தூங்கிவிடுவேன்.

ஊசி


செப்டம்பர் 21

ஊசிக்கு,

அந்த அறிவிப்பில் தெருவாரியாக எண் போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் ஒன்று விடாமல் அப்படியே எழுதி உடனே அனுப்பு. தெருவின் பெயர், பக்கத்தில் எண். வேறு எதுவும் எழுத வேண்டாம், நேரமாகும்.

சத்தம் எத்தனை நாளைக்கு ஒரு முறை கேட்கிறது?

மாமா


அக்டோபர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தத் தடவை நீங்கள் நலம் விசாரிக்கவில்லை. கிண்டலும் இல்லை. ஊசிக் கண்ணு என்றும் எழுதவில்லை. கடிதத்தை மடித்துவைத்துவிட்டு நேரே கம்பெனி வாயிலுக்குப் போய் எண்களை எழுதிக்கொண்டு வந்தேன்.

எண்கள் இவை, போன வருஷத்தை விட எவ்வளவு கூடியிருக்கிறது என்று. பள்ளித் தெரு நாற்பது. சந்தை நாற்பது. ரயில் நிலையம் நாற்பத்தொன்று. தண்ணீர்த் தொட்டி மேடு நாற்பது. மருத்துவமனை முப்பத்தொன்பது. நம் தெருவின் முனை பதினெட்டு. நம் வாசல் பூஜ்யம்.

சத்தம் இப்போது தினமும் கேட்கிறது.

நேற்று தையற்கடையில் ஒரு சண்டை. எங்கள் தமிழ் டீச்சர், "போன மாசம் முப்பத்தாறு, இந்த மாசம் முப்பத்தேழா? நான் என்ன மாவு மூட்டையா பொங்குறதுக்கு?" என்று கத்தினார். தையல்காரம்மா, "உங்களை மட்டுமா சொல்றேன் டீச்சர்? இந்த மாசம் வந்த அத்தனை பேரும் ஒரு அங்குலம் ஊதித்தான் வந்திருக்காங்க. ஊர்த் தண்ணி அப்படி!" என்றார். பித்தான் தைக்கிற அக்கா அளவு டேப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நுனி பிரிஞ்சுபோச்சுன்னு நீங்கதானே இதை வெட்டினீங்க? ஒண்ணுங்குற நம்பரே இல்லையே இதுல!" என்றாள். கடையே சிரித்தது. டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். "ஊரு ஊதல, டேப்புதான் தேஞ்சிருக்கு" என்று தையல்காரம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடிக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா, ஒரே வருஷத்தில் ஒரு ஊர் முழுக்க, மேட்டிலும் பள்ளத்திலும், ஒரே அளவு கூடுமா? ஊரில் எதுவுமே மாறாமல், எதை வைத்து அளக்கிறார்களோ அது மட்டும் குறைந்தால்தானே எல்லா எண்ணும் ஒன்றாகக் கூடும்? நம் தெரு முனையில் கம்மியாகக் கூடியதற்கும் அதுதானே காரணம்? அது ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் சேர்ந்து குறைந்திருக்கிறது.

ஊரில் மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பொந்து நம் வாசலுக்கு அடியில் இருக்கிறது. நான் சொல்வது சரியா?

தப்பு என்று எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

ஊசி


அக்டோபர் 14

ஊசிக் கண்ணுக்கு,

சரி.

இதைப் படித்ததும் துணியை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போ. அந்தத் தெருவில் நாற்பது என்றால் அங்கே மண் அப்படியே இருக்கிறது என்று பொருள். கடைசியில் நீ எழுதியிருப்பதை உன் டீச்சர் பார்த்திருந்தால் முதல் மதிப்பெண் போட்டிருப்பார், நான் பார்த்து என்ன செய்தேன் என்பதை எழுதத் தெரியவில்லை.

அத்தானையும் அழைத்துக்கொண்டு போ. வாத்தியாரிடம் மாடி வேலையை நிறுத்தச் சொல். அவர் கேட்காவிட்டாலும் சொல். கம்பெனிக்குப் போன மாதமே எழுதிவிட்டேன். மறுபடி அளக்க ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்திருக்கிறது. எந்த இடத்திலிருந்து அளக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. போன தடவை வந்த தபால் லாரிக்காரரிடம் அத்தானின் எண்ணைக் கொடுத்து, டவுனுக்குப் போனதும் போன் செய்யச் சொன்னேன். என் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டாராம். அவர்மேல் தப்பில்லை.

இங்கே மழை தொடங்கி ஆற்றுப் பாலம் முழுகிவிட்டது. இதைச் சுற்றுவழியில் நடந்துபோகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அந்தக் காட்டுப் பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வர முடியாது. வடிந்ததும் முதல் லாரியில் வருகிறேன். நீ எனக்காகக் காத்திருக்காதே.

அம்மாவின் படத்தை எடுத்துக்கொள். வேறு எதற்காகவும் வீட்டுக்குள் திரும்பிப் போகாதே.

மாமா


அக்டோபர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே மழையில் நனையாமல் இருங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதினதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இத்தனை நாளா எழுதிக்கிட்டா இருந்தே?"

"ஆமாப்பா."

"உங்க மாமன் சொல்லி நான் வீட்டைக் காலி பண்ணணுமா? ஊரைப் பூரா அளந்தான். உள்ளே மூச்சுக்குத் தவிச்சவளை அளக்கத் தெரியல அவனுக்கு. பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டுத்தானே என்னை ஷிப்டுக்கு அனுப்பினான்?"

"ஆணி தப்பான இடத்துல இருக்குப்பா. அதான்..."

"ஆணியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே" என்றார். அப்புறம் குரல் இறங்கிப்போயிற்று. "நீ போய் அந்தம்மா கடையில படுத்துக்க. நான் தடுக்கல. எனக்கு இந்தக் கட்டில்ல படுத்தாத்தான் தூக்கம் வருது. வேற எங்கயும் கண்ணு மூட மாட்டேங்குது. அவ்வளவுதான்."

வாத்தியாரிடமும் சொன்னேன். "கம்பெனியே எழுதி ஒட்டியிருக்கு, நீ டேப்புக் கதை சொல்றே" என்று தலையில் செல்லமாகக் குட்டினார். மாடிச் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கொத்தனார் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் தூக்குக்குண்டு நேரா நிக்க மாட்டேங்குது பாப்பா, காத்துன்னு நெனைச்சேன்" என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு வாரம் முடிந்தால்தான் கூலி.

நான் மட்டும் போக மாட்டேன், மாமா. இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். அங்கே படுத்தாலும் இங்கே உள்ள சத்தம் எனக்குக் கேட்கிறது. இரவு ஷிப்ட் வந்தால் அப்பா பகலில்தான் தூங்குவார். அவர் தூங்கும்போது யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும்.

அப்பா வீட்டை விட்டு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கட்டிலை விட்டு வர முடியாது என்றுதான் சொன்னார். அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அது இரும்புக் கட்டில். கழற்றலாம். திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றன. தையல் மெஷின் கழற்றுகிற ஸ்பேனர் போதுமா என்று நாளைக்குக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அப்பாவுக்கு இரவு ஷிப்ட்.

இப்போது மறுபடி கேட்டது. முடிக்கிறேன்.

ஊசி


நவம்பர் 3

ஊசிக் கண்ணுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ எழுதவில்லையா, பாலம் முழுகியதால் தபால் எங்காவது நிற்கிறதா தெரியவில்லை. இதையும் ஆற்றைச் சுற்றி நடந்துபோகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ கடையில்தான் இருக்கிறாயா என்று ஒரே ஒரு வரி எழுது. நலம் என்று கூட வேண்டாம். இருக்கிறேன் என்று எழுது.

மாமா


நவம்பர் 8

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தையல்காரம்மா அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் இருக்கிறாள். உடம்பில் கீறல் இல்லை. எழுதச் சொன்னேன், பேனாவை எடுக்க மாட்டேன் என்கிறாள். ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, முன்பின்னாக இருக்கும்.

போன வியாழக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். கட்டிலைக் காணவில்லை. அறை காலி. தரையில் நான்கு கால் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. திருட்டு என்று நினைத்தேன். அப்புறம்தான் சுவரில் அவள் அம்மாவின் படமும் இல்லை என்று பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் பின்கதவைக்கூடச் சாத்தவில்லை. நேரே தையற்கடைக்குப் போய், "எங்கடா என் கட்டில்?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பெண்பிள்ளையை டா போட்டுக் கூப்பிட்டேன் என்பதே அப்புறம்தான் உறைத்தது. கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் கட்டிலைப் பூட்டி, விரிப்பு விரித்து, அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அவளும் அந்தம்மாவும் பித்தான் தைக்கிற பெண்ணும் கழற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். விரலெல்லாம் துரு. நான் திட்டத் திட்ட, "உக்காந்து திட்டுங்கப்பா" என்றாள். உட்கார்ந்தேன். இரவு முழுவதும் கண் விழித்த உடம்பு. எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது.

மதியம் சத்தத்தில்தான் எழுந்தேன். போய்ப் பார்த்தபோது வாசல் இல்லை. வீட்டில் பின்சுவர் மட்டும் நின்றது, அதுவும் சாயங்காலம் போயிற்று. கீழே தண்ணீர் தெரிந்தது. வாத்தியார் வீட்டில் பாதி போயிற்று. வாத்தியாரும் அவர் மனைவியும் பள்ளியில் இருந்தார்கள். மாடியில் நின்ற கொத்தனார் போய்விட்டார், மாப்பிள்ளை. அவர் வீடு வேறு ஊரில். உடலை இன்னும் எடுக்க முடியவில்லை.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர்கிட்டயும் சொன்னேனேப்பா, சரியா சொல்லலையோ?"

பம்பில் அழுத்தம் ஜூலையிலிருந்தே இறங்கிக்கொண்டு வந்தது. நான் அனுப்புகிற தண்ணீர் வேறு எங்கோ போகிறது என்றால்தான் அப்படி இறங்கும். மேலதிகாரிகளிடம் சொன்னேன். மீட்டர் பழசு என்றார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அதனால் நீ மட்டும் தலையில் போட்டுக்கொண்டு உட்காராதே. நீ ஆணி அடித்த அன்றைக்கு டார்ச்சு பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எதற்காக அங்கே அடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் ஆவதற்குள்ளேயே நீ வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். உன் அக்கா உன் காலடிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்து உட்காருவாள். நான் வேறு என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், அதை எல்லாம் இப்போது எழுதப்போவதில்லை.

ஆணி பள்ளத்துக்குள் போய்விட்டது. ஊர்க்காரர்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். அறிவிப்பில் இருந்த எண்ணெல்லாம் இப்போது என்ன அர்த்தம், எங்கள் தெரு இருக்குமா, போகுமா என்று அவளிடம் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். நாற்பது என்றால் ஆகஸ்டில் நன்றாக இருந்தது, இப்போது எனக்குத் தெரியாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறாள். கம்பெனி வாயில் பூட்டிக் கிடக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் பெட்டியோடு வா. முதலில் கொத்தனாரின் மனைவியைப் பார்க்கப் போக வேண்டும். நான் தனியாகப் போகப் பார்த்தேன், பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ வந்தால் சேர்ந்து போகலாம். அப்புறம் ஊரை அளக்கத் தொடங்கு. இந்தத் தடவை ஆணியை ஊருக்கு வெளியே பாறையில் அடி. டார்ச்சு நான் பிடிக்கிறேன்.

கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொள்ளலாம். அவளைப் பார்க்க வருவதற்கு உனக்கு ஆணி வேண்டாம்.

அத்தான்